லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்

பதினோராம் மாடியிலிருந்து பார்த்தால்
ஜெலுத்தோங் கடல் சாம்பலாய்க் கிடக்கும்.
லிஃப்ட் ஓடினால் ஏழு நிமிட நடை.
"அந்தத் தண்ணி ஆகாது" என்றார் கடைக்கார பெங் ஹுவாட்.
அதில் டீசல், அதில் நம் எல்லார் வீட்டுச் சாக்கடை.
கடல் வேண்டுமென்றால் பையில் இருக்கிறது,
நான்கு கிலோ, உள்ளே அளவுக் கரண்டியும் உண்டு.

ஆக, ஒரு கடலை
மோட்டார் சைக்கிளில் முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு
கெலுகோர் சிக்னலில் நின்றேன்.
தூறல் பிடித்தது.
மழைக்கோட்டைக் கழற்றிப் பைக்குப் போர்த்தினேன்.
பக்கத்துக் காரில் ஒரு பிள்ளை சிரித்தது.

கீழ்த்தளத்து இயந்திரத்தில்
வடிகட்டிய தண்ணீர் லிட்டர் இருபது காசு.
பத்து லிட்டர் கலனில் ஆறு நடை.
நாலாவது நடையில் லிஃப்ட் நின்றுபோனது.
அதற்கப்புறம் எண்ணவில்லை.

வாளியில் கலக்கினேன். பால்போல் வெளுத்து,
மெல்லத் தெளிந்தது.
குணசீலன் விரலை விட்டு நக்கிப் பார்த்துச் சொன்னான்:
"புளி கொஞ்சம் கம்மி."
அடர்த்திமானியின் முள் மட்டும்
எங்கள் இருவரையும் நம்பாமல்
வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு மணல். பிறகு
ஓட்டை ஓட்டையாய்க் கல், கிலோ நாற்பது வெள்ளி.
பிறகு சம்பலுக்கு வைத்திருந்ததில் ஒரே ஒரு பச்சை இறால்,
கல்லிடுக்கில் திணித்து,
அழுகட்டும் என்று விட்டேன்.
அழுகினால்தான் கண்ணுக்குத் தெரியாதவை குடியேறும்,
அவை குடியேறினால்தான் மீன் பிழைக்கும்.
மூன்றாம் நாள் வீடு நாறியது.
குணசீலன் சாப்பாட்டுத் தட்டோடு
படுக்கையறைக்குப் போய்விட்டான்.

பாயான் லெப்பாஸில், இரவு வேலையில்,
நுண்ணோக்கி வழியே சில்லுகளில் கீறல் தேடுகிறவள் நான்.
வீட்டுக்கு வந்து
சோதனைக் குழாயில் எட்டுச் சொட்டு விட்டு,
குலுக்கி,
அட்டையோடு நிறம் பார்ப்பேன்.
பச்சை. மறுபடி பச்சை. கரும்பச்சை.
ஒரு சனிக்கிழமை, மஞ்சள்.

எதிர்வீட்டுத் தாருன் கம்பிக் கதவில் தொங்கியபடி கேட்டான்:
"ஆண்ட்டி, கல்லா வளக்கிறீங்க?"
ஆமாம் என்றேன்.
"என்ன சாப்பிடும்?"
பொறுமை என்று சொல்லியிருக்கலாம்.
இறால் என்றேன்.

ஐந்தாம் வாரம் மணலெல்லாம் தேநீர்க் கறை.
தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன்.
அன்று விடிகாலை நாலு மணிக்குச்
சீருடையைக்கூட மாற்றாமல் டார்ச் அடித்தபோது
கல்லின் ஒரு துளையிலிருந்து
நகக்கண் அளவில் ஓர் இறகு விசிறி விரிந்திருந்தது.
நான் வாங்காதது. பில்லில் இல்லாதது.
இத்தனை நாளும் உள்ளேயே இருந்து
என் தண்ணீரை யோசித்துக்கொண்டிருந்தது.
மூச்சு விட்டேன். சட்டென்று
இல்லாமல் போனது.
தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
குணசீலனை எழுப்பவில்லை.

மீன் வந்தது அதற்கப்புறம்தான்.
ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை, இரண்டு.
"எது ஆண்?"
"ரெண்டுமே ஆண். பெரிசா வளர்றது பின்னாடி பெண்ணாகிடும்,
அவசரமில்ல" என்றார் பெங் ஹுவாட்.
பண்ணையில் பிறந்தவையாம்,
கடலைக் கண்ணால் கண்டதில்லையாம்.
பையோடு மிதக்கவிட்டு, கால் கோப்பை, கால் கோப்பையாய்
எங்கள் கடலைப் பழக்கினேன்.
இறங்கியதும் இரண்டும் ஓடிப்போய்
பம்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன, மூன்று நாள்.

ஜன்னலோரம் தொட்டி வைத்தால் பாசி கட்டும்.
அதனால் செருப்பு அலமாரிக்கு எதிரே வைத்தோம்.
அவற்றின் அடிவானத்தில்
குணசீலனின் ரப்பர் செருப்பும் என் பாதுகாப்புக் காலணியும்.

வீட்டில் இருப்பது ஒரே மின்விசிறி, அதுவும் இப்போது மீனுக்கு.
நாங்கள் வியர்க்கிறோம்.
தினம் முக்கால் லிட்டர் காற்றோடு போகிறது.
போவது தண்ணீர்தான், உப்பு எங்கும் போகாது,
ஆகவே நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றவேண்டும்,
கண்ணாடியில் ஒட்டிய சிவப்பு டேப் வரை.

இன்று வேலை முடிந்து வந்தபோது
டேப்புக்குச் சரியாய் நின்றது மட்டம்.
இயந்திரத்துக்குச் சேர்த்துவைத்த காசு டப்பா காலி.
கலன் ஈரம்.
சமையலறையிலிருந்து, யாரும் கேட்காமலே,
"உப்பு சரியா இருக்கு" என்றான்.